பிரமிடுக்குப் பின்னால் ஒரு பால் பண்ணை

2025 ஜூன் மாதத்தின் கடைசி சனிக்கிழமை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா நிகழ்ச்சி நிரலில், மாலை வேளைக்கு நேராக ‘பேட்ச்வொர்க்’ என்று ஒரு பெயர். யார் இவர்கள்? எங்கே பாடியிருக்கிறார்கள்? கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். முகவரி இல்லாத ஒரு குழுவுக்கு விழாவின் ஆகப் பெரிய மேடையில், கூட்டம் அலைமோதும் நேரத்தில் இடம்! கூட்டத்துக்கு உடனே மூக்கு வியர்த்துவிட்டது. ஊகங்கள் கூடாரத்துக்குக் கூடாரம் தாவின. நேரம் வந்தது, திரை வெளிச்சமானது, மேடையில் வந்து நின்றது ஜார்விஸ் காக்கரின் ‘பல்ப்’ குழு!

இதில் ரசிக்க ஒரு உள்கதை உண்டு. முப்பது வருடத்துக்கு முன்னால், 1995-ல், இதே விழாவில் பாடவேண்டிய ‘ஸ்டோன் ரோசஸ்’ குழுவின் கிதார்காரர் ஜான் ஸ்குவயர் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அந்த இடத்தை நிரப்பக் கடைசி நேரத்தில் கூப்பிடப்பட்டவர்கள்தான் பல்ப். ஒரே ராத்திரியில் நட்சத்திரமாகிவிட்டார்கள். அதன் முப்பதாம் ஆண்டைக் கொண்டாட, பொய்ப்பெயரில் திரும்பி வந்தார்கள். விழாவுக்கு இந்த விளையாட்டு புதிதில்லை. 2023-ல் ‘சர்னப்ஸ்’ என்ற பெயரில் வந்து நின்றவர்கள் ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’.

பாடியவர்களை விடுங்கள். நான் வாய் பிளப்பது வாயை மூடிக்கொண்டிருந்தவர்களை நினைத்துத்தான். எந்த வரிசையில் எந்தப் பாட்டு என்று ஒலிக்காரருக்குத் தெரியவேண்டும். விளக்குக்காரருக்குத் தெரியவேண்டும். டிரம்ஸ் எங்கே, பியானோ எங்கே என்று மேடைத் தரையில் டேப் ஒட்டுகிறவருக்குத் தெரியவேண்டும். லாரியை எந்த வாசலில் விடுவது என்று காவலுக்கு நிற்பவருக்குத் தெரியவேண்டும். இத்தனை பேருக்குத் தெரிந்த ஒன்றை ரகசியம் என்று சொல்வதற்கே ஒரு தைரியம் வேண்டும்! அதனால் இன்றைக்கு முன்வாசல் வேண்டாம். பாட்டு, பாடகர், பளபளப்பு எல்லாம் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம். வாருங்கள், கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக நுழைவோம்.

முதல் வேடிக்கை: கிளாஸ்டன்பரி விழா கிளாஸ்டன்பரியில் நடப்பதில்லை. அந்த ஊர் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விழா நடப்பது சாமர்செட் மாவட்டத்தின் பில்டன் கிராமத்தில், வொர்தி பண்ணை என்ற பால் பண்ணையில். கிராமத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். ஜூன் கடைசியில் ஐந்து நாளைக்கு அங்கே கூடுவதோ, வேலைக்கு வருகிறவர்களையும் சேர்த்து, 2,10,000 பேர். பக்கத்து பாத் நகரத்தின் மக்கள்தொகையைப்போலச் சுமார் இரண்டு மடங்கு! ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், நூற்றுக்கும் அதிகமான மேடைகள், எட்டு மைலுக்கு மேல் வேலி. பண்ணையின் சொந்த நிலம் போதாமல் அக்கம்பக்கத்து விவசாயிகளின் வயல்களையும் வாடகைக்கு எடுக்கிறார்கள். புதன்கிழமை காலை வாசல் திறக்கும், திங்கள்கிழமை எல்லோரும் மூட்டை கட்டவேண்டும். அதற்குப் பிறகு அந்த ஊரே இருக்காது. புல்வெளி இருக்கும், மாடு இருக்கும்.

மாடு என்று சொன்னேன் இல்லையா? என் கட்சி அதுதான். இந்த விழாவின் உண்மையான முதலாளி பாடகரும் இல்லை, விளம்பரதாரரும் இல்லை, வொர்தி பண்ணையின் கறவை மாடுகள்தான். இரண்டு லட்சம் பேரும் அவற்றின் மேய்ச்சல் நிலத்தில் ஐந்து நாள் குடித்தனம் இருக்க வந்தவர்கள். மேடைக்குப் பின்னால் போகப்போக இது இன்னும் நன்றாகத் தெரியும்.

பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ். 1954-ல், பத்தொன்பது வயதில், கப்பல் வேலையில் இருந்தவர். அப்பா இறந்துபோக, 150 ஏக்கரும் அறுபது மாடுகளும் கடனும் தலையில் வந்து விழுந்தன. 1970 கோடையில் பக்கத்தில் நடந்த பாத் ப்ளூஸ் விழாவில் ‘லெட் செப்பலின்’ வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவருக்கு, நம் தோட்டத்திலேயே இப்படி ஒன்று நடத்தினால் என்ன என்று தோன்றியது. கடனும் அடையுமே! 1970 செப்டம்பர் 19-ஆம் தேதி நடத்தினார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் இறந்ததற்கு மறுநாள் அது. டிக்கெட் ஒரு பவுண்டு. வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். வந்தது 1,500 பேர்தான். வருவதாக இருந்த ‘கிங்க்ஸ்’ குழு வரவில்லை, அவர்கள் இடத்தில் மார்க் போலனின் ‘டைரனோசாரஸ் ரெக்ஸ்’ வாசித்தது. போலனுக்குத் தரவேண்டிய 500 பவுண்டு ஈவிஸ் கையில் இல்லை. மாதம் நூறு பவுண்டாக, பால் காசிலிருந்து தவணையில் கொடுத்துத் தீர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக, இந்த விழாவுக்கு முதல் புரவலர்கள் யார்? ம்மா!

அடுத்த வருடமே ஆட்டம் வேறு மாதிரி. 1971-ல் ஆண்ட்ரூ கெர் என்பவரும், வின்ஸ்டன் சர்ச்சிலின் பேத்தி அரபெல்லா சர்ச்சிலும் வந்து சேர்ந்தார்கள். கோடைச் சங்கிராந்தியை ஒட்டி, கட்டணமே இல்லாமல் விழா. பில் ஹார்கின் என்பவர் இரும்புச் சாரக்குழாய்களையும் பிளாஸ்டிக் தாளையும் வைத்து, எகிப்தின் பெரிய பிரமிடைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி ஒரு மேடை எழுப்பினார். டேவிட் போவி அந்த மேடையில் பாடியது விடியற்காலை. முந்தைய இரவே பாடியிருக்க வேண்டியவர், நிகழ்ச்சி இழுத்துக்கொண்டே போனதால் சூரியனோடு சேர்ந்து மேடையேறினார். மறுபடி அவர் வந்தது 29 வருடம் கழித்து, 2000-ல்.

1981-ல் கட்டிய இரண்டாவது பிரமிடுதான் எனக்குச் செல்லம். தந்திக் கம்பங்களும், ராணுவம் கழித்துப்போட்ட இரும்புத் தகடுகளும் வைத்து எழுப்பிய நிரந்தரக் கட்டடம். ஜூனில் அதற்குள் மின்கிதார் அலறும், குளிர்காலத்தில் அதே கூரைக்குக் கீழே மாடு படுத்து அசைபோடும், தீவனம் அடுக்கியிருக்கும். உலகத்தில் வேறு எந்தப் புகழ்பெற்ற இசை அரங்கத்துக்கு மாட்டுத் தொழுவம் என்று இன்னொரு பதவி இருந்திருக்கிறது? அது 1994-ல், விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது, தீப்பிடித்து எரிந்துபோனது. அந்த வருடமும் விழா நிற்கவில்லை, அவசரத்துக்கு வேறு மேடை கொண்டுவந்து சமாளித்தார்கள். இப்போது நாம் பார்க்கும் எஃகுப் பிரமிடு, சுமார் 30 மீட்டர் உயரத்தில், 2000-ல் வந்தது. விழா முடிந்தாலும் அதன் எலும்புக்கூடு வயலிலேயே நிற்கும். அதைச் சுற்றி மாடு மேயும் படங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

சரி, பிரமிடின் முதுகுப் பக்கம் ஏறிவிட்டோம். மெதுவாக வாருங்கள், காலுக்குக் கீழே கேபிள்!

முன்னால் ஒரு குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் அடுத்த குழு பாதி மேடையேறிவிட்டது. டிரம்ஸ், கீபோர்டு, ஒலிபெருக்கிகள் எல்லாவற்றையும் சக்கரம் வைத்த பலகை மேடைகளில் ஏற்றி, ஒயர் செருகி, மைக் பொருத்தி, கறுப்புத் திரைக்குப் பின்னால் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒரு பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்கு இலை நறுக்கி அடுக்கிவைப்பார்களே, அதே கணக்கு. முதல் குழு கையசைத்து இறங்கியதும் கறுப்புச் சட்டைக்காரர்கள் பாய்வார்கள். பழைய பலகை ஒரு பக்கம் உருண்டு போகும், புதியது இன்னொரு பக்கத்திலிருந்து உருண்டு வரும். ஒருவர் டிரம்மை ‘டப், டப்’ என்று தட்டுவார், இன்னொருவர் மைக்கில் ‘ஒன், டூ’ என்பார். முழு ஒத்திகைக்கெல்லாம் இங்கே இடமில்லை. ஒவ்வொரு ஒயரிலும் சத்தம் வருகிறதா, அவ்வளவுதான். மீதியை முதல் பாட்டிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். உலகப் புகழ்பெற்ற பாடகரின் முதல் பாட்டு கொஞ்சம் முன்னே பின்னே கேட்டால் ஒலிக்காரரைத் திட்டாதீர்கள். பாவம், அவருக்குப் பரீட்சையே அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

கூட்டத்துக்கு நடுவே தனித்தனியாக ஒலிபெருக்கிக் கோபுரங்கள் நிற்கின்றன, கவனித்தீர்களா? சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம் அடி அரை நொடி கழித்துத்தான் போய்ச் சேரும். அவர் பக்கத்திலிருக்கும் கோபுரம் உடனே ஒலித்தால் ஒரே அடி இரண்டு முறை கேட்டு, பாட்டு குழம்பிப்போகும். அதனால் கோபுரத்துக்குப் போகும் ஒலியைக் கணக்காக அரை நொடி பிடித்துவைத்து விடுகிறார்கள், மேடைச் சத்தம் வந்து சேரும்போது இதுவும் சேர்ந்து முழங்கும்படி. இன்னொரு பக்கம், விழாவின் சத்தம் பில்டன் வீடுகளில் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு உரிமத்திலேயே வரம்பு உண்டு. கூட்டத்துக்குக் காது கிழிய வேண்டும், கிராமத்துப் பாட்டிக்குத் தூக்கம் கலையக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் தலையைப் பிய்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் யாரும் அவர்களை நினைப்பதில்லை. ஒருமுறை நடக்கவில்லை. 1997-ல் ‘ரேடியோஹெட்’ பாடும்போது, பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்கவேண்டிய மேடை ஒலிபெருக்கி செத்துப்போனது. விளக்குகள் வேறு நேராகக் கண்ணில். பாடகர் தாம் யார்க்குக்குத் தன் குரலும் கேட்கவில்லை, எதிரே யார் நிற்கிறார்கள் என்றும் தெரியவில்லை. கடைசியில் விளக்குக்காரரைக் கூப்பிட்டு, வெளிச்சத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பச் சொன்னார். சேற்றில் நின்றுகொண்டிருந்த அத்தனை ஆயிரம் முகங்களும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தன. மேடையில் இருந்தவர்களுக்கு நரகம்! கேட்டவர்களோ இந்த விழாவின் ஆகச் சிறந்த கச்சேரிகளில் ஒன்று என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

சேறு! அதைத் தொடாமல் போனால் கிளாஸ்டன்பரிக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். சாமர்செட்டின் களிமண் தண்ணீரைக் குடிக்காது, வைத்துக்கொண்டு பிசையும். 1997, 1998, 2016 வருடப் படங்களைப் பாருங்கள், ஆள் எது மண் எது என்று தெரியாது. 2005-ல் வெள்ளிக்கிழமை காலை இடியோடு கொட்டிய மழையில் பள்ளத்தில் இருந்த கூடாரங்கள் தலை வரை மூழ்கின. மின்சாரம் போய் மேடைகள் ஊமையாகின. ஆனால் கூட்டம் கலையவில்லை. தண்ணீரில் நீந்தி, தங்கள் கூடாரத்தைத் தேடிப்பிடித்தவர்கள் கூட உண்டு. பின்பக்கத்தில் இதற்காக மரச்சீவலும் வைக்கோலும் குவித்துவைத்திருப்பார்கள். பாதை பிசுபிசுத்ததும் டிராக்டர்கள் கிளம்பிவிடும்.

மழையில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 1998-ல் நடனக் கூடாரத்துக்குள் சேறு குளம்போல நின்றது. உறிஞ்சி எடுக்க, கழிப்பறைத் தொட்டி காலி செய்யும் லாரியை வரவழைத்தார்கள். குழாயை உள்ளே நீட்டினார்கள். விசையைத் திருப்பினார்கள். லாரி உறிஞ்சவில்லை. எதிர்த்திசையில் வேலைசெய்தது. லாரிக்குள் ஏற்கனவே இருந்தது என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு நடனக் கூடாரத்தில் நடனம் ரத்து!

கழிப்பறை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இரண்டு லட்சம் பேர் ஐந்து நாள் தங்கும் இடத்தில் பாடகர் வராவிட்டால் சமாளிக்கலாம், இது நின்றால் விழாவே நின்றுவிடும். வொர்தி பண்ணையில் பழைய வகை ஒன்று உண்டு: ஆழமான குழி, மேலே இரும்புப் பெட்டி வரிசை, தலைக்கு மேல் வானம். கீழே எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அண்மை வருடங்களில் மக்கும் கழிப்பறைகள் பெருகியிருக்கின்றன. தண்ணீர் இல்லை, ரசாயனம் இல்லை, வேலை முடிந்ததும் ஒரு கை மரத்தூள். நாற்றம் அடங்குகிறது, பின்னால் எருவாகவும் ஆகிறது. பெண்கள் நின்றபடியே போக, கையில் பிடிக்கும் அட்டைப் புனலோடு தனி இடங்களும் வைத்திருக்கிறார்கள், அங்கே வரிசை சரசரவென்று நகர்கிறது. வாட்டர்எய்ட் தொண்டர்கள் இந்தப் பக்கத்து வேலைகளில் சிரித்த முகத்தோடு நிற்பதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

ஆனாலும் சோம்பேறிகள் வேலியோரம் ஒதுங்குவார்கள். அதற்குத்தான் ‘பச்சைப் போலீஸ்’! வேடிக்கையாக உடுத்திக்கொண்டு சுற்றிவரும் தொண்டர்கள் இவர்கள். ஓரமாக நிற்பவரைக் கையும் களவுமாகப் பிடித்து, பலர் முன்னால் கிண்டலடித்து விடுவார்கள். வேடிக்கைக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. நிலத்தின் நடுவே வைட்லேக் என்ற சின்ன ஆறு ஓடுகிறது. அத்தனை பேரின் சிறுநீர் மண்ணில் இறங்கினால் ஆற்றில் அம்மோனியா ஏறும், மீன் சாகும். இன்னொன்றும் உண்டு. 2019 விழாவின்போது எடுத்த நீரை பாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். விழா நடக்கும் இடத்தைத் தாண்டியதும் ஆற்றில் கோகெயினும், எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளும் கூடியிருந்தன. அருகிப்போய்க்கொண்டிருக்கும் ஐரோப்பிய விலாங்கு மீனுக்கு அது ஆபத்து என்றார்கள். கேட்காமலே விலாங்குக்கு விருந்து வைத்திருக்கிறார்கள், பாவிகள்!

இருட்டிவிட்டது. கால் வலித்தாலும் தென்கிழக்கு மூலைக்கு வராமல் இருக்காதீர்கள். பெரிய மேடைகள் அடங்கிய பிறகு அந்த மூலை விழித்துக்கொள்ளும், விடியும்வரை தூங்காது. பழைய இரும்பை வைத்து விழா நிலத்தில் என்னென்னவோ செய்து நிறுத்தியிருக்கிறார்கள். விழாவில் பல வருடம் நின்ற ‘ஆர்க்கேடியா’ குழுவின் ராட்சதச் சிலந்தி கழித்துப்போட்ட இயந்திரங்களால் ஆனது. வயிற்றில் டி.ஜே. உட்கார்ந்து பாட்டுப் போட, தலைக்கு மேல் தீயைக் கக்கும். கீழே ஆடுகிறவர்களின் முகத்தில் அனல் அடிக்கும். 2023-ல் சிலந்தி விடைபெற்றது. 2024-ல் அதே இடத்துக்கு ஒரு தட்டான் வந்து இறங்கியது. அதன் உடம்பு ஒருகாலத்தில் கடற்படையில் பறந்த ‘சீ கிங்’ ஹெலிகாப்டர்! இதைத் தவிர, எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரியாத, ‘ஷாங்ரி-லா’ என்ற பகுதியின் சந்துகள். எங்கே இருக்கிறது என்று யாரும் நேராகச் சொல்லாத, பூமிக்கு அடியில் ஒரு பியானோ பார். அங்கே போனவர்களிடம் வழி கேட்டால் சிரிக்க மட்டும் செய்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் பொறாமை.

மேட்டில் வட்டமாக நிற்கும் கற்களைப் பார்த்து, ‘ஆஹா, கற்காலம்!’ என்று சிலர் கைகூப்புவார்கள். அது 1992-ல் நட்டது. அன்னப்பறவை நட்சத்திர மண்டலத்தின் வடிவில் நட்டிருக்கிறார்கள். சூரியோதயம் பார்க்க அங்கே கூட்டம் கூடும். இதற்கு எதிர்ப்பாட்டாக 2007-ல் தெருவோவியர் பேங்க்சி ஒரு ஸ்டோன்ஹெஞ்ச் கட்டினார். கல்லுக்குப் பதில் நகரும் கழிப்பறைப் பெட்டிகள்! (கழிப்பறை மறுபடி வந்துவிட்டது, என் தப்பில்லை.)

விழாவின் முழுப்பெயரில் கலை என்று போட்டிருக்கிறார்களே, அது வெறும் கொசுறு இல்லை. நாடகம், சர்க்கஸ் திடல்களை அரபெல்லா சர்ச்சில் 2007-ல் இறக்கும்வரை கவனித்துக்கொண்டார். அவர் பெயரில் ஒரு பாலம் இருக்கிறது. 2015-ல் பேட்டி ஸ்மித் பாடிக்கொண்டிருந்த பிரமிடு மேடைக்குத் தலாய் லாமா வந்து, எண்பதாவது பிறந்தநாள் கேக் வெட்டினார். 2024-ல் நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச் அதே மேடையில் ஏறி, அத்தனை பெரிய கூட்டத்தை ஏழு நிமிடம் மௌனமாக நிற்கவைத்தார். கூட்டமும் நின்றது! ஒலிக்காரர்களுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு ஓய்வு கிடைத்திருக்காது. வெஸ்ட் ஹோல்ட்ஸ் மேடைப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று நம் பங்குக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளலாம். 2014-ல் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் அதிரவைத்த மேடை அது.

பாடகர்கள் பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அது எங்கும் கிடைக்கும். 2022-ல் எண்பது வயது பால் மெக்கார்ட்னியும் இருபது வயது பில்லி ஐலிஷும் ஒரே வாரக்கடைசியில் முதன்மை நிகழ்ச்சி தந்தார்கள். 2010-ல், விழாவின் நாற்பதாம் ஆண்டில், ஸ்டீவி வொண்டர் மேடையில் ஈவிஸைக் கூப்பிட்டு இருவருமாக ‘ஹேப்பி பர்த்டே’ பாடினார்கள். ஈவிஸின் சுருதியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. 2024-ல் அரசாங்கம் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்துவிட்டது. இப்போது கயிறு மகள் எமிலியின் கையில்.

வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. 2000-ஆம் வருடம்வரை இங்கே டிக்கெட் என்பது ஒரு யோசனை மட்டுமே. ஏணி, கயிறு, வேலிக்குக் கீழே சுரங்கம் என்று உள்ளே வந்தவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் அளவுக்கு இருந்தார்கள். நெரிசலில் ஆபத்து என்று உரிமமே ஊசலாடியது. ஒரு வருடம் நிறுத்திவைத்து, 2002-ல் ஏறமுடியாத இரட்டைப் பாதுகாப்போடு பெரிய இரும்பு வேலி போட்டார்கள். விழா பிழைத்தது அந்த வேலியால்தான். பழைய ஆட்கள் அந்த வேலி வந்ததோடு சுவாரசியம் போயிற்று என்று புலம்புவார்கள். சுரங்கத்தில் ஊர்ந்தவருக்கு அது சுவாரசியம்தான், நெரிசலில் மூச்சுத் திணறியவரைக் கேளுங்கள்.

திங்கள்கிழமை காலை. எனக்குப் பிடித்த காட்சி இப்போதுதான் ஆரம்பம்!

கூட்டம் பஸ்ஸுக்கும், காஸில் கேரி ரயில் நிலையத்துக்கும் நகர்கிறது. பின்னால் கிடப்பது ஒரு நகரத்தின் குப்பை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மறுசுழற்சித் தொண்டர்கள் இறங்குகிறார்கள். விழா நாட்களிலேயே, விடிவதற்குள் ஒரு சுற்றுப் பொறுக்கியவர்கள்தான். வேலைக்குக் கூலி, விழா டிக்கெட். குப்பைத் தொட்டிகள் எல்லாம் பழைய எண்ணெய் பீப்பாய்கள். ஒவ்வொன்றிலும் கையால் தீட்டிய ஓவியம். ஆயிரக்கணக்கான பீப்பாய்களுக்கு உட்கார்ந்து வண்ணம் அடித்திருக்கிறார்கள்! ஒருமுறை குடித்துத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பனையை 2019-லிருந்து நிறுத்திவிட்டார்கள், குழாயடியில் பிடித்துக்கொள்ளலாம்.

குப்பை பொறுக்குவது எல்லா விழாவிலும் உண்டு. இங்கே அதற்கு மேல் ஒரு கட்டம் இருக்கிறது. டிராக்டருக்குப் பின்னால் நீளமான காந்தச் சட்டத்தைக் கட்டி, வயல் வயலாக, வரி விடாமல் ஓட்டுகிறார்கள். ஆயிரமாயிரம் கூடாரங்களின் இரும்பு முளைகள், ஆணி, பாட்டில் மூடி எல்லாம் ‘சடக் சடக்’ என்று வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஏன் இவ்வளவு பாடு? மாடு புல்லை மென்று பார்த்து விழுங்காது, வாரி விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும். புல்லோடு ஒரு கம்பித் துண்டு போனால் அது இரண்டாவது வயிற்றில் தங்கும். குத்திக்கொண்டு முன்னால் நகர்ந்தால் அடுத்து இருப்பது இதயம். அதனால்தான் காந்தம், அதற்கு மேல் வரிசையாக நடந்து கையால் தடவித் தேடும் ஆட்கள், வாரக்கணக்கில் துப்புரவு. மண்ணில் மக்கிப்போகும் கூடார முளைகளை விழாவே கொடுத்துப் பார்த்ததும் இதற்காகத்தான்.

இந்த ஐந்து நாளும் அந்த மாடுகள் எங்கே இருந்தன தெரியுமா? பண்ணையிலேயே, பெரிய கொட்டகைக்குள். கூரையில் சூரியத்தகடுகள், கீழே தீவனம், வேளை தவறாத கறவை. நாடே டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்ளும் இசை, இவற்றுக்கு மட்டும் சுவர் தாண்டி இலவசமாகக் கேட்கிறது. அவை ரசிக்கின்றனவா சபிக்கின்றனவா என்று பாலைக் கறக்கிறவர்தான் சொல்லவேண்டும். பில்டன்காரர்களுக்கும் டிக்கெட் இலவசம். செப்டம்பரில் அவர்களுக்காகத் தனியாக ஒரு சின்னக் கொண்டாட்டமும் உண்டு, அதுவும் இதே பண்ணையில்தான். விழாப் பணத்தில் ஆக்ஸ்பாம், கிரீன்பீஸ், வாட்டர்எய்ட் அமைப்புகளுக்கும் ஊருக்கும் பங்கு போகிறது. கிராமத்தில் வாடகை குறைந்த வீடுகள் எழும்பியதிலும் ஈவிஸின் கை இருக்கிறது.

நிலத்துக்கும் முறை வைத்து ஓய்வு தருகிறார்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை விழாவே கிடையாது: 2006, 2012, 2018 அப்படித்தான் போயின. 2026-ம் தரிசு வருடம், அந்தக் கோடை முழுக்கப் புல்லும் மாடும்தான். எத்தனை பெரிய பாடகர் தயாராக இருந்தாலும் சரி, எத்தனை கோடி வருமானம் காத்திருந்தாலும் சரி, மண் ஆறவேண்டும் என்றால் ஆறவேண்டும்.

அடுத்தது 2027-ல். போக ஆசை வந்துவிட்டவர்களுக்கு: முன்கூட்டியே இணையத்தில் புகைப்படத்தோடு பதிவுசெய்துகொள்ளுங்கள், அந்த முகம் டிக்கெட்டில் அச்சாகும், வேறு யாரும் அதை வைத்து நுழைய முடியாது. 1970-ல் ஒரு பவுண்டாக இருந்த டிக்கெட் 2025-ல் 373.50 பவுண்டு, முன்பதிவுக் கட்டணம் ஐந்து பவுண்டு தனி. விற்பனைக்கு வந்து ஏறத்தாழ 35 நிமிடத்தில் தீர்ந்துபோனது, அதுவும் யார் பாடப்போகிறார்கள் என்று அறிவிப்பதற்கு முன்பே. கம்பூட்ஸை மறக்கவேண்டாம். கூடார முளைகளை எண்ணி எடுத்துப் போங்கள், திரும்பும்போது எண்ணிப் பார்த்து எடுத்து வாருங்கள். இலவசப் பால் மட்டும் இப்போது கிடையாது.